பல வருட நெஞ்செரிச்சல் உள்ளவர் சிங்கப்பூரில் எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டுமா?

அப்பாவுக்கு 58 வயது, வருடக்கணக்காக நெஞ்செரிச்சல், தொப்பையும் உண்டு, மாத்திரையில் ஓடுகிறது, புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் ஒருமுறை எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாக கேமரா வைத்த குழாய் விட்டு, பார்த்துவிடுவது நல்லது. நான் மருத்துவர் இல்லை. இதே தொல்லையோடு குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டவன்.

எரிச்சல் எவ்வளவு கடுமை என்பதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிறவருக்கு உணவுக்குழாய் சுத்தமாக இருக்கலாம். அமிலம் பட்டுப் பட்டு அதன் அடிப்பகுதிச் சவ்வு குடல் சவ்வு மாதிரி மாறிப்போவதை 'பாரெட்ஸ்' என்பார்கள். மாறிய சவ்வுக்கு அமிலம் அவ்வளவாக உறைக்காது. அதனால் "இப்பல்லாம் முன்ன மாதிரி எரியல" என்று அப்பா சொன்னால் அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2022ல் சொன்ன கணக்கு இது: நாள்பட்ட எரிச்சலோடு ஆண், 50 வயதுக்கு மேல், உடல் பருமன், புகைப்பழக்கம், வெள்ளையர், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு பாரெட்ஸ் அல்லது அதிலிருந்து வரும் புற்று என்பவற்றில் மூன்று சேர்ந்தால் ஒரு தடவை ஸ்கோப். அப்பாவுக்கு மூன்று சேர்ந்துவிடுகிறது. ஆனால் ஆசியர்களிடம் பாரெட்ஸ் குறைவு. நம் பக்கம் அதிகம் வரும் உணவுக்குழாய்ப் புற்று வேறு வகை. அதற்குப் புகை, மது, வெற்றிலை பாக்குதான் முக்கியக் காரணங்கள். அதனால்தானோ என்னவோ, இங்கே 'ஸ்கிரீன் ஃபார் லைஃப்' என்ற அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் பெருங்குடல், மார்பகம், கருப்பை வாய் எல்லாம் இருக்கிறது, உணவுக்குழாய் இல்லை. நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினால் மருத்துவமனையில் மானியக் கட்டணம். நேரே தனியார் நிபுணரிடம் போனால் சீக்கிரம் முடியும், பில் கனக்கும். மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து வரம்புக்குள் எடுக்கலாம். நம்மாட்கள் டாக்டரிடம் போனால் "கேஸ் ட்ரபிள்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சாப்பாடு தொண்டைக்குக் கீழே நிற்கிறதா, எடை குறைகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, ரத்தசோகை உண்டா என்று வீட்டிலேயே கேட்டு வையுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லச் சொல்லுங்கள். வரிசையில் காத்திருக்கும் விஷயமில்லை அது.

சோதனை சில நிமிடம்தான். மரத்துப்போக அடிக்கும் ஸ்பிரேயின் கசப்பைத் தவிர எனக்குப் பெரிதாக எதுவும் நினைவில்லை. போகிற போக்கில் இரைப்பையையும் பார்த்து வயிற்றுப் புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுக்கும் காரணமாகும் ஹெச் பைலோரி கிருமி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நம் ஊர் வயிறுகளுக்கு அதுவே பெரிய லாபம். பாரெட்ஸ் என்று வந்தாலும் உடனே பதற வேண்டாம். திசுவில் கெட்ட மாற்றம் இல்லாதவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குக்கூடப் புற்றாக மாறுவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மாறிய சவ்வின் நீளம் 3 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் ஐந்து வருடம், அதற்கு மேல் என்றால் மூன்று வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறார் என்றால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்; அதையும், அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் மாத்திரை எடுத்தால் அதையும் நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும். மயக்க ஊசி போட்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, கூட நீங்கள் போங்கள்.