கப்பல் நிற்கும் ஒரு பகல்: போர்ட் லூயிஸ் கேள்வி-பதில்

நவம்பர் பிறந்தால் மொரிஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல்கள் வரத் தொடங்கிவிடும். கூடவே உங்கள் கேள்விகளும். இந்த ஊரில் வழிகாட்டியாகப் பிழைப்பவன் என்ற முறையில், இந்தப் பருவத்தில் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கப்பல் காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறுக்குப் புறப்படுகிறது. கப்பலிலேயே விற்கும் டூரை எடுக்கலாமா, நாங்களே சுற்றலாமா? (சென்னை)

நகரத்தை மட்டும் பார்ப்பதென்றால் டூர் தேவையே இல்லை. துறைமுக வளாகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். வாசல்வரை அல்லது கோடான் கடைவீதிவரை ஷட்டில் பஸ்ஸில் வந்துவிடுங்கள். அங்கிருந்து எல்லாம் நடை தூரம். நெடுஞ்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையில் கடந்தால் பிளாஸ் தார்ம் சதுக்கம். வரிசையாகப் பனைமரங்கள், கடலைப் பார்த்தபடி லா பூர்தொனேயின் சிலை. 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்து இந்தத் துறைமுகத்தை உருவாக்கியவர் அவர். கட்டட வேலைக்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு நூறு ஆண்டு முன்பே இந்த ஊரில் தமிழர் கை பட்டிருக்கிறது. சிலையின் முன் நிற்கும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கடலுக்கு முதுகு காட்டி நின்றால் இடப்பக்கம் மத்தியச் சந்தை, வலப்பக்கம் கம்பெனித் தோட்டமும், அதையொட்டி டோடோ பறவையின் எலும்புக்கூடு இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும். முதலில் சந்தைக்குப் போங்கள். ஊரைச் சுற்றி மலை என்பதால் காற்று அடைபட்டு, பதினொரு மணிக்கு மேல் வெயில் கொளுத்தும். சிட்டாடெல் கோட்டை ஏறுவதானாலும் காலையில்தான். மேலே நின்றால் துறைமுகமும் உங்கள் கப்பலும் ஒரு பக்கம், 1812இல் தொடங்கிய ஷான் த மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல் மறுபக்கம். 1968 மார்ச் 12 அன்று சுதந்திர மொரிஷியஸின் கொடி ஏறியது அந்தத் திடலில்தான்.

ஆப்ரவாசி காட் என்ற பழைய குடியேற்ற நிலையத்தில் நாலு சுவரும் சில படிகளும்தான் இருக்கின்றன என்கிறார்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போவது தகுமா? (சிங்கப்பூர்)

தகும். போர்ட் லூயிஸில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். உண்மைதான், பழைய வளாகத்தில் சிறு பகுதியே மிஞ்சியிருக்கிறது: வாயில் கட்டடம், மருத்துவமனைப் பகுதி, கற்படிகள். ஆனால் 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்குக் கூலிகளாக வந்தார்கள். கல்கத்தா, பம்பாய் போலவே சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் வந்தன. 1849இல் இந்தக் குடியேற்ற நிலையம் எழுந்தபின் வந்தவர்கள் இங்கே இறங்கி, பெயர் பதிந்து, எண் வாங்கி, ஓரிரு நாள் காத்திருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். அடிமைமுறை 1835இல் ஒழிந்த சமயத்தில், தோட்ட முதலாளிகளுக்கு மலிவான ஆள் வேண்டியிருந்ததுதான் காரணம். 2006இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

முதலில் பக்கத்தில் உள்ள விளக்க மையத்தைப் பாருங்கள், பிறகு படிகளுக்கு வாருங்கள். வரிசை மாறினால் வெறும் கல்லாகத்தான் தெரியும். அம்மா படி ஏறவே வேண்டாம், பார்த்தால் போதும். கட்டணம் கிடையாது. அருகிலேயே பழைய ராணுவ மருத்துவமனையில் அடிமைமுறை அருங்காட்சியகமும் இருக்கிறது. நம்மவர் கதையை மட்டும் கேட்டுவிட்டு, அவர்களுக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கட்டி இழுத்து வரப்பட்டவர்களின் கதையைக் கேட்காமல் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

எங்கள் கொள்ளுப்பாட்டி நேட்டாலுக்கு வந்தவர். அவருடைய தம்பி மொரிஷியஸுக்குப் போனதாகச் சொல்வார்கள். கப்பல் நிற்கும் நாளில் பதிவேட்டில் தேட முடியுமா? (டர்பன்)

அன்றைக்கு வந்து அன்றைக்கே தேடுவது நடக்காத காரியம். குடியேற்ற ஆவணங்கள் போர்ட் லூயிஸில் இல்லை. மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், வந்த ஆண்டு ஆகியவற்றில் தெரிந்ததையெல்லாம் குறிப்பிடுங்கள். பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். முனுசாமி என்ற ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் வரும். எல்லா வடிவத்தையும் எழுதி அனுப்புங்கள். பதில் வந்தபின் வார நாளில் கப்பல் நின்றால் நேரில் போகலாம்.

உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் போன காந்தி, வழியில் போர்ட் லூயிஸில் இறங்கிச் சில வாரம் தங்கினார்.

அங்கே தமிழிலேயே வழி கேட்கலாமா? (கோயம்புத்தூர்)

கேட்டால் புன்னகை கிடைக்கும், வழி கிடைப்பது சிரமம். இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. பள்ளியில் தமிழ் படித்தவர்கள், ஆசிரியர்கள், கோயில் குருக்கள் ஆகியோரிடம் தமிழ் பேசலாம். பேச்சு மங்கியதே தவிர, மற்றவை மங்கவில்லை. தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. ரூபாய் நோட்டைக் கூர்ந்து பாருங்கள், தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். நூறு ரூபாய் நோட்டில் உள்ள முகம் ரங்கநாதன் சீனிவாசன், இந்தத் தீவின் தமிழ் அரசியல் தலைவர். ஆகவே, "தமிழ் தெரியாதா?" என்று யாரையும் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். ஆங்கிலமோ பிரெஞ்சோ போதும். ஒரு "போன்ஜூர்" சொல்லித் தொடங்குங்கள்.

துறைமுகத்துக்கு அருகே கோயில் உண்டா? (மதுரை)

மதுரைக்காரருக்குப் பொருத்தமான கோயிலே இருக்கிறது: சாந்த் குருவா பகுதியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில். ஊரில் கைலாசம் கோயில் என்றால்தான் தெரியும். டாக்ஸியில் கொஞ்ச நேரம்தான். நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அதே பகுதியில் பாதிரியார் லவாலின் கல்லறை உள்ளது. செப்டம்பர் 9 அன்று அவர் நினைவு நாளுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும்கூட நடந்தே வருவார்கள்.

டாக்ஸிக்கு எவ்வளவு கொடுப்பது?

மீட்டரை நம்பாதீர்கள். ஏறுமுன் தொகையைப் பேசுங்கள்: தலைக்கா வண்டிக்கா, போக மட்டுமா திரும்பவும் சேர்த்தா, காத்திருப்புக்கு உண்டா. கியூர்பிப் பக்கம் போக விக்டோரியா நிலையத்தில் மெட்ரோ கிடைக்கும். ரயில் நெரிசலில் சிக்காது.

சைவச் சாப்பாடு?

கவலையே வேண்டாம். தால்பூரி வாங்குங்கள், பட்டாணிப் பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, மொச்சைக் குழம்பும் தக்காளித் தொக்கும் தடவிச் சுருட்டித் தருவார்கள். காத்தோ பிமா நம் பருப்பு வடையேதான். வெயிலுக்கு சப்ஜா விதை போட்ட அலூதா. வாழையிலையில் ஏழு கறி போடும் விருந்து கோயில் நாள்களில்தான் அமையும், அமைந்தால் விடாதீர்கள். சில்லறை கையில் இருக்கட்டும்.

கங்கா தலாவ் புனித ஏரி, சமரேல் ஏழு நிற மண், கடற்கரை எல்லாம் ஒரே நாளில்? (பெங்களூரு)

போய்வரலாம், ஆனால் பாதிப் பகல் கார் ஜன்னலோடு போய்விடும். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நகரைச் சுற்றிச் சாலைகள் அடைத்துக்கொள்ளும். ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஊர் எல்லைக்குள் இருங்கள். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கப்பல் கடிகாரமும் உள்ளூர் நேரமும் ஒன்றா என்பதையும் இறங்கும்போதே பாருங்கள்.

அடுத்து கப்பல் ரீயூனியன் போகிறது. ஷெங்கன் விசா போதுமா?

அது பிரான்சின் பகுதிதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. டிக்கெட் வாங்குமுன் பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

எங்கள் கப்பல் வருவது ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் மூடியிருக்குமாமே? (கொழும்பு)

பெரும்பாலும் ஆமாம். ஆப்ரவாசி காட் திறக்காது. 1847ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தபால்தலைகள் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகமும் திறக்காது. சந்தை நண்பகல்வரை இருக்கும், அதை முடித்துக்கொண்டு பாம்பிள்முஸ் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். வடக்கே சுமார் 11 கிலோமீட்டர். இம்மிகிரேஷன் ஸ்கொயர் நிலையத்தில் பஸ் ஏறலாம். பிரெஞ்சு அதிகாரி பியேர் புவாவ்ர் ஜாதிக்காயும் கிராம்பும் கொண்டுவந்து வளர்த்த தோட்டம் அது. ராட்சத அல்லிக் குளத்தைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் தாளிப்பனையையும் தேடிப் பாருங்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, அதோடு பட்டுப்போகும் மரம். வெயில் தாழுமுன் கிளம்பினால் கைலாசம் கோயிலையும் பார்த்துவிட்டு நிதானமாகக் கப்பல் ஏறலாம்.