திருப்பூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன். விஎம்வேர் கை மாறிய பிறகும் விர்ச்சுவலைசேஷன் படிக்கலாமா? கோவைப் பக்கம் அந்த வேலை எப்படி இருக்கும்?

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் இதில் எதைப் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது. கேட்டவர் திருப்பூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த தம்பி என்று கேள்வியிலிருந்து தெரிகிறது. அதனால் ஊர்க்கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

கோவையில் ஒரு சர்வீஸ் நிறுவனத்தில் 14 வருடமாக இருக்கிறேன். பல்லடம் பக்கத்து ஸ்பின்னிங் மில்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகள், கரூர் ஏற்றுமதியாளர்கள் என்று இவர்களுடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒரு பெரிய சர்வரைப் பங்கு போட்டு, பத்து இருபது சர்வர்களாக ஓட வைப்பது விர்ச்சுவலைசேஷன். அப்படிப் பிரித்த ஒவ்வொன்றும் ஒரு விர்ச்சுவல் மெஷின், அவை ஓடும் பெரிய சர்வர் ஹோஸ்ட். அந்தப் பங்கைப் பிரிக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். விஎம்வேர் அதை விற்பதில் பெயர் பெற்ற நிறுவனம், அதன் ஹைப்பர்வைசர் இஎஸ்எக்ஸ்ஐ.

எங்களுக்குக் கோபி பக்கம். அப்பிச்சி தோட்டத்தில் மூன்று பங்காளிகளுக்கு ஒரே கிணறு, ஒரே மோட்டார். காலையில் ஒருவர் முறை, மத்தியானத்துக்கு மேல் இன்னொருவர், அடுத்த நாள் மூன்றாமவர். கிணற்றில் தண்ணீர் இருக்கும், வாய்க்காலும் வெட்டித் தயாராக இருக்கும், ஆனாலும் முறை வரும்வரை வரப்பில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். விர்ச்சுவல் மெஷினுக்கும் அதே நிலைதான். வேலை கையில் இருக்கிறது, பிராசஸர் கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கிடைக்கவில்லை. அந்தக் காத்திருப்புக்கு ரெடி டைம் என்று பெயர். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை சர்டிபிகேட் வாங்கினாலும் இந்த வேலை கைக்கு வராது என்பேன்.

ஒரு பனியன் கம்பெனியில் ஈஆர்பி, அதாவது பில், கணக்கு, சரக்கு எல்லாம் ஓடும் மென்பொருள், மெதுவாகிவிட்டது. அக்கவுண்ட்ஸ் பையன் போனில், "அண்ணா, பில்லு போட்டா சுத்திக்கிட்டேதானுங்க இருக்குது" என்றான். மென்பொருள் கொடுத்தவர்கள் 8 கோரை 16 ஆக்கச் சொன்னார்கள், ஆக்கினோம். இன்னும் மெதுவானது. அந்த ஹோஸ்டில் இரண்டு பிராசஸர், தலா 10 கோர், மொத்தமே 20. அதன்மேல் எல்லா மெஷின்களுக்கும் சேர்த்து 60-க்கு மேல் விர்ச்சுவல் கோர் கொடுத்திருந்தோம். விஎம்வேரின் மேலாண்மைத் திரையான விசென்டரின் வரைபடத்தில் ரெடி டைம் மில்லி நொடியில் வரும். 20 நொடிக்கு ஒரு புள்ளி. ஒரு கோருக்கு 1,000 என்றால் 5 சதவீதம், அங்கேயே கவனம் வந்துவிட வேண்டும். இவர்களுக்கு 2,000-க்கு மேல் நின்றது. ஹோஸ்டில் நடப்பதைக் காட்டும் இஎஸ்எக்ஸ்டாப் கருவியைத் திறந்து பார்த்தால் கோ-ஸ்டாப் எண்ணும் ஏறியிருந்தது. நுகத்தில் பூட்டிய மாடு இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் அல்லவா? ஒன்று முன்னால் இழுத்தால் மற்றது வரும்வரை அதை நிறுத்திப் பிடிப்போம். நிறைய கோர் உள்ள மெஷினில், முன்னே போன கோரை ஹைப்பர்வைசர் அப்படித்தான் நிறுத்தி வைக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷினை அணைத்து, 16-ஐ 6 ஆக்கித் திரும்ப ஏற்றினேன். பில் உடனே விழுந்தது. குறைத்ததால் வேகமானது என்பதை முதலாளிக்கு விளக்கக் கிணற்று முறைதான் கை கொடுத்தது. அவரும் தோட்டக்காரர். பாதி சொல்லும்போதே, "போதுமுங்க, விளங்கிருச்சு" என்றார்.

இன்னொரு இடத்தில் பிசகியது நான். ஈஆர்பி அப்டேட்டுக்கு முன்னால், பிசகினால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக ஸ்னாப்ஷாட் எடுத்தவன், வேலை முடிந்ததும் அதை அழிக்க மறந்துவிட்டேன். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் அசல் டிஸ்க் உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் டெல்டா என்ற தனிக் கோப்பில் சேரும். அது அசல் டிஸ்க் அளவுக்கே வளரக்கூடியது. 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்று கையேடே சொல்கிறது. என்னுடையது 11 நாள் கிடந்து 380 ஜிபி ஆகி, மெஷின்களின் டிஸ்க்குகள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோரை அடைத்துவிட்டது. இரவு 10.40-க்குப் போன். மறுநாள் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டும், பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியவில்லை. திரையில் 'இடமில்லை' என்ற செய்தியும், இடம் ஒதுக்கிவிட்டு மறுபடி முயலச் சொல்லும் பொத்தானும்.

அப்போது உதவியது எந்த மெனுவும் இல்லை. ஓடுகிற ஒவ்வொரு மெஷினுக்கும் அதன் மெமரி அளவுக்கு ஒரு ஸ்வாப் கோப்பு டேட்டாஸ்டோரில் இருக்கும், மெஷினை அணைத்தால் அந்த இடம் காலியாகும் என்பது நினைவில் இருந்தது. அதே டேட்டாஸ்டோரில் 32 ஜிபி மெமரியோடு டெஸ்ட் மெஷின் ஒன்று சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தேன், 32 ஜிபி கிடைத்தது. பொத்தானை அழுத்தியதும் ஈஆர்பிக்கு உயிர் வந்தது. பேக்கிங் லிஸ்டை எடுக்கச் சொல்லிவிட்டு, டேட்டாபேஸை ஒழுங்காக நிறுத்தி, மெஷினை அணைத்துவிட்டு ஸ்னாப்ஷாட்டை அழிக்கக் கொடுத்தேன். முடிய விடியற்காலை ஆனது. அன்றிலிருந்து ஸ்னாப்ஷாட் எடுத்தால் அழிக்க வேண்டிய தேதியை அதன் பெயரிலேயே எழுதிவிடுகிறேன். அப்புறம் ஒன்று, ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அசல் டிஸ்க் போனால் டெல்டாவும் வீண்.

வேலையின் மற்ற பக்கம் இந்த மண்ணுக்கே உரியது. மில்லில் சர்வர் ரூம் எங்கே இருந்தாலும் பஞ்சு உள்ளே வந்துவிடும். ஒருமுறை ஹோஸ்ட் சூடேறி அலாரம் அடிக்கிறது என்று போய் இழுத்துப் பார்த்தால், முன்பக்கக் காற்றுத் துளைகள் மேல் மெத்தென்று வெள்ளைப் போர்வை. விரலால் இழுத்ததும் ஒரே தாளாக உரிந்து வந்தது. பெரிய ஊர் டேட்டா சென்டரில் வேலை பார்ப்பவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே மாதிரி, மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் அப்கிரேடுக்கு நேரம் கிடைப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். ஆட்கள் ஊருக்குப் போய்த் திருப்பூரே அடங்கியிருக்கும்போது நாங்கள் சர்வர் ரூமில் இருப்போம். வீட்டில் இதைச் சொல்லிவிட்டு வேலைக்கு வருவது நல்லது.

சரி, கை மாறிய விஷயம். விஎம்வேர் 1998-ல் தொடங்கியது. 2004-ல் இஎம்சி வாங்கியது, 2016-ல் இஎம்சியோடு சேர்ந்து டெல்லிடம் போனது, 2021-ல் தனியாகப் பிரிந்தது, 2023 நவம்பரில் பிராட்காமிடம் வந்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று, சந்தா முறை வந்தது. கோர் கணக்கு, ஒரு பிராசஸருக்குக் குறைந்தது 16. மேலே சொன்ன 20 கோர் பெட்டிக்கு 32 கோர் கணக்கு வரும். இரண்டு ஹோஸ்ட் வைத்திருக்கும் சின்ன மில்காரர்கள் மாற்று கேட்கத் தொடங்கினார்கள். ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி, நியூட்டானிக்ஸ் என்று நாங்களும் கற்றுக்கொண்டோம்.

அங்கே போனபோதுதான் எது நிலைக்கிறது என்று எனக்கே தெளிவாகத் தெரிந்தது. ப்ராக்ஸ்மாக்ஸுக்கும் நியூட்டானிக்ஸின் ஹைப்பர்வைசரான ஏஎச்விக்கும் அடியில் இருப்பது கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர், 2007-லிருந்து லினக்ஸ் கெர்னலில் இருப்பது. அங்கே லினக்ஸ் மெஷினுக்குள் டாப் என்ற கட்டளை போட்டால் ஸ்டீல் என்ற எண் வரும். அதே பங்காளி காத்திருப்புதான், பெயர் வேறு. டேட்டாஸ்டோர் நிரம்புவதற்குப் பதில் அங்கே தின் பூல் என்ற பொதுச் சேமிப்பிடம் நிரம்பும். ஐபிஎம் 1972-ல் விஎம்/370 கொண்டு வந்ததிலிருந்து ஒரு இயந்திரத்தைப் பலருக்குப் பங்கிடும் அதே பாடுதான். திரையையும் பொத்தானையும் மனப்பாடம் செய்தவர்கள் 2024-ல் தடுமாறியதைப் பார்த்தேன். அடியில் நடப்பதைப் படித்தவர்கள் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார்கள்.

மாற்றும் வேலைக்கு இப்போது ஆள் தேவை, அதனால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் மெஷினை இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து எடுப்பதற்கு முன்பே, அதற்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருளை நீக்கிவிட வேண்டும், போன பிறகு அது நீங்க அடம்பிடிக்கும். புதிய இடத்தின் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் அறிய உதவும் விர்ட்-ஐஓ டிரைவரையும் முன்பே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பூட் டிஸ்க் தெரியாமல் நீலத் திரை வரும். புதிய நெட்வொர்க் கார்டுக்குப் பழைய ஐபியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும், முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பதற்குச் செலவு அதிகமில்லை. 16 ஜிபி மெமரி உள்ள பழைய டெஸ்க்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் போடலாம். சாதாரணக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம், இலவச இஎஸ்எக்ஸ்ஐயும் 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. 4 கோர் பெட்டியில் 4 கோர் மெஷின்கள் மூன்றை ஏற்றி, மூன்றிலும் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளைச் சுருக்கும் வேலையைக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் காத்திருப்பு எண் எப்படி ஏறுகிறது என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு மெஷினையும் 2 கோர், 1 கோர் என்று குறைத்துக்கொண்டே வந்து மறுபடி எழுதுங்கள். அந்தத் தாளை இன்டர்வியூவுக்கு எடுத்து வாருங்கள். எங்கள் அலுவலகத்தில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.