நெசவா, இசையா, நடனமா: படிவத்தில் எந்தக் கட்டத்தை டிக் செய்வது?

கேள்வி: எனக்கு வயது 36. கைத்தறி நெசவு கற்றவள். சில ஆண்டுகளாகத் தறியின் ஓசைகளைப் பதிவு செய்து, அந்த ஓசையின் கணக்குப்படி துணி நெய்கிறேன். அந்தத் துணிகளுக்கு நடுவே ஒரு நடனக் கலைஞர் ஆடுகிறார். இதுவரை நான்கு முறை, கலைஞர்களுக்கு நிதி தரும் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தேன். எட்டு மாத வேலைக்கான புதிய திட்டத்தை விளக்கி, 22 நிமிட வீடியோவையும் முழுசாக அனுப்பினேன். நான்கும் கைகூடவில்லை. ஒரு நிறுவனம் மட்டும் “இறுதிச் சுற்று வரை வந்தது” என்று மரியாதைக்கு ஒரு வரி சேர்த்திருந்தது. படிவத்தில் காட்சிக்கலை, இசை, நடனம், கைவினை என்று பிரிவுகள் இருக்கின்றன. நான் எதில் வருகிறேன்? பட்ஜெட்டில் எனக்குச் சம்பளம் போட்டுக்கொண்டால் பேராசைக்காரி என்று நினைப்பார்களா? ஒருவேளை என் வேலையே சரியில்லையோ? விண்ணப்பத்தின் முதல் பத்தியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வேலை சரியில்லையோ என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நான் தேர்வுக்குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று நிராகரிப்பும் வாங்கியிருக்கிறேன். நல்ல வேலை விழுவதையும் சுமாரான வேலை ஜெயிப்பதையும் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தாயிற்று. நான்கு நிராகரிப்பை வைத்து உங்கள் கலைக்கு மதிப்பெண் போட முடியாது. நீங்கள் எந்த மாதிரிப் பணத்தைக் கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்பதை வேண்டுமானால் யோசித்துப் பார்க்கலாம்.

கலைஞருக்குக் கிடைக்கும் பணம் எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. முதலாவது வகை, நீங்கள் கேட்கவே முடியாதது. அமெரிக்காவில் 1981இல் தொடங்கிய மெக்கார்தர் ஃபெல்லோஷிப் ஐந்து ஆண்டுகளில் 8 லட்சம் டாலர் தருகிறது. எந்த நிபந்தனையும் இல்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் என்று ஒன்று கிடையாது. பெயர் வெளியில் தெரியாத ஆட்கள் முன்மொழிவார்கள், ஒருநாள் போன் வரும். ரோலெக்ஸ் நிறுவனம் 2002இல் தொடங்கிய குரு–சீடர் திட்டத்திலும் இளம் கலைஞர்கள் தாங்களாக விண்ணப்பிக்க முடியாது. இசையமைப்பாளர் ஜான் கேஜும் ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸும் 1963இல் தொடங்கிய சமகாலக் கலை அறக்கட்டளையின் முக்கிய விருதுகளும் அப்படித்தான். உங்கள் பட்டியலில் இந்த வகை இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். வேலை வெளியே நான்கு பேர் கண்ணில் பட்டால் அது வரும். நீங்கள் துரத்திப் பிடிக்கக்கூடியது இல்லை.

அடுத்தது, இதுவரை செய்ததைப் பார்த்துத் தருவது. 1925இல் தொடங்கிய குகன்ஹைம் ஃபெல்லோஷிப் இந்த வகை. அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்தவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். செய்யப்போகும் வேலையைக் கேட்பார்கள், ஆனால் எடை போடுவது பெரும்பாலும் பின்னால் கிடக்கும் வேலையை. நடனத்துக்காக அதை முதன்முதலில் பெற்றவர் மார்த்தா கிரஹாம். ஆண்டு 1932. அதற்குள் அவர் சொந்தக் குழு வைத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்லீப் அறக்கட்டளை இன்னும் கறார்: ஓவியம், சிற்பம், அச்சுக்கலையில் முதிர்ந்த நிலையில் 20 ஆண்டுகளாவது வேலை செய்திருக்க வேண்டும். கலைத்துறையில் “இளம் கலைஞர்களுக்கு மட்டும்” என்ற வாசகத்தைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பது ஆறுதல்.

மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட படைப்புக்குத் தருவது. அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 1990களில் அரசியல் சண்டையில் மாட்டி, தனிக் கலைஞர்களுக்கு நேரடியாகக் கொடுத்துவந்த பணத்தைப் பெருமளவு நிறுத்தியது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 1999இல் கிரியேட்டிவ் கேபிடல் என்ற நிதி அமைப்பு வந்தது. அங்கே கேட்கப்படுவது “நீங்கள் யார்” என்பதைவிட “என்ன செய்யப்போகிறீர்கள்”. நான்காவது, பணத்துக்குப் பதில் இடமும் நேரமும். அமெரிக்காவில் 1907இல் தொடங்கிய, கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் மெக்டவல் இதற்குப் பழைய உதாரணம். காட்டுக்குள் தனி ஸ்டூடியோ, மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கதவைக்கூடத் தட்டமாட்டார்கள். கடைசியாக, அவசர நிதி. தீ, வெள்ளம், திடீர் மருத்துவச் செலவு என்று வந்தால் கேட்பது. உங்களுக்கு இப்போது இது தேவையில்லை. இருப்பது தெரிந்திருக்கட்டும், எங்கே என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தால், உங்களுக்கு வேண்டியது மூன்றாவது வகையோ நான்காவது வகையோதான். ஆனால் விண்ணப்பித்த நான்கில் இரண்டு, நீங்கள் விவரித்ததை வைத்துச் சொல்கிறேன், இரண்டாவது வகை. அங்கே போய்ப் புதிய திட்டத்தைப் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறீர்கள். அவர்கள் தேடியது பழைய வேலையை.

சரி, எந்தக் கட்டத்தை டிக் செய்வது? இதை “நான் யார்” என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டால் விடிய விடிய யோசிக்கலாம், விடை கிடைக்காது. “என் விண்ணப்பத்தை யார் படிக்க வேண்டும்” என்று கேளுங்கள். பிரிவு என்பது படிப்பவர்களின் பெயர்ப்பட்டியல், அவ்வளவுதான். இசைப் பிரிவில் போட்டால் இசையமைப்பாளர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்பார்கள். துணி அவர்களுக்கு மேடை அலங்காரமாகத்தான் தெரியும். கைவினைப் பிரிவில் போட்டால் பாவும் ஊடையும் தெரிந்தவர்கள் இருப்பார்கள், துணியைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், நடனம் அவர்களுக்கு விளம்பரப் படம் மாதிரி இருக்கும். ஆகவே உங்கள் வேலையில் எதை எடுத்துவிட்டால் மொத்தமும் சரிந்துவிடுமோ, அதைத் தெரிந்தவர்கள் படிக்கும் பிரிவில் போடுங்கள். நடனக் கலைஞர் இல்லாமல் துணியும் ஓசையும் நிற்குமா? நிற்கும் என்று நினைக்கிறேன். ஓசை இல்லாமல் துணி நிற்குமா? நிற்காது, ஏனென்றால் துணியின் கணக்கே ஓசைதானே. அப்படியானால் நடனம் உங்கள் பிரிவு இல்லை.

பல துறை இணைந்த வேலைக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. மெக்டவல் அப்படி ஒரு பிரிவை ஏற்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தைக் கண்டதும் பாய்ந்துவிடாதீர்கள். எங்கும் ஒட்டாத விண்ணப்பம் எல்லாம் அங்கேதான் வந்து விழும். துறைகள் சேர்ந்தால்தான் நடக்கிற ஒன்று உங்கள் வேலையில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் அங்கே போங்கள். மெரிடித் மாங்க் 1960களிலிருந்து குரல், அசைவு, திரைப்படம் மூன்றையும் பிரிக்க முடியாதபடி பின்னி வேலை செய்தவர். 1995இல் மெக்கார்தர் கிடைத்தது. அவர் குரலை எடுத்துவிட்டு அசைவை மட்டும் மதிப்பிடச் சொன்னால் யாராலும் முடியாது. உங்கள் வேலையும் அப்படித்தான் என்றால் தயங்க வேண்டாம்.

விதிமுறையில் “ஏற்க மாட்டோம்” என்ற பகுதியைத்தான் நான் முதலில் படிப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஓவியர் லீ க்ராஸ்னரின் உயிலின்படி 1985இல் உருவான பொல்லாக்–க்ராஸ்னர் அறக்கட்டளை எல்லா நாட்டுக் கலைஞர்களுக்கும் உதவுகிறது, அதனால் எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஆனால் அது ஓவியம், சிற்பம், தாள்மீது செய்யும் வேலைகளுக்கானது. வீடியோவும் நிகழ்த்துகலையும் அங்கே செல்லாது. தறியை எவ்வளவு அழகாக விவரித்தாலும் பயனில்லை.

இப்போது நீங்கள் அனுப்பிய முதல் பத்தி. “இழையும் ஓசையும் முயங்கும் விளிம்பில், உடலானது காலத்தின் தொன்ம நினைவைத் தன்னுள் நெய்துகொள்கிறது” என்று தொடங்குகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் கேள்விக் கடிதத்தின் இரண்டே வரியில் எனக்குப் புரிந்துவிட்டது! கடிதம் எழுதும்போது என்னிடம் பேசினீர்கள். விண்ணப்பம் எழுதும்போது யாரோ ஒரு பேராசிரியர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டீர்கள்.

குழுவில் இருப்பவர் அன்று ஐம்பதாவது விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருப்பார். காபி ஆறிப்போயிருக்கும். முதல் சுற்றில் எங்கள் கையில் ஒரு விண்ணப்பத்துக்கு இருந்தது சில நிமிடங்கள். அவருக்கு முதல் பத்தியில் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: கண்ணால் என்ன பார்ப்பேன், காதால் என்ன கேட்பேன், எங்கே, எவ்வளவு நேரம். “மிதிபலகை இறங்கும் ஓசை, நாடா பாயும் ஓசை, நூல் அறுபடும் ஓசை ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்கிறேன். ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு நிறம் வைத்து, கேட்ட வரிசையிலேயே நெய்கிறேன். ஒரு மணி நேரப் பதிவு இத்தனை மீட்டர் துணியாகிறது.” இப்படித் தொடங்கிப் பாருங்கள். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், சரியானதை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். காலம், நினைவு, உடல் எல்லாம் இரண்டாம் பத்தியில் வரட்டும். படிப்பவர் அதற்குள் துணியைப் பார்த்துவிட்டிருப்பார், நீங்கள் சொல்வதை நம்புவார்.

என்ன வரும் என்று எனக்கே இன்னும் தெரியாதே, எப்படித் தெளிவாக எழுதுவது என்று கேட்பீர்கள். ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரர் குகன்ஹைமுக்கு எழுதிய விண்ணப்பம் இதற்கு நல்ல பாடம். அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றிப் படம் எடுக்கப் போகிறேன் என்றார். இது போகப்போகத்தான் வடிவம் எடுக்கும், வளைந்து கொடுக்கும் தன்மையுள்ள திட்டம் என்றும் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். 1955இல் கிடைத்தது. ஏறத்தாழ 28,000 படங்கள் எடுத்தார், புத்தகத்தில் வைத்தது 83. 83 படம் வரும் என்று விண்ணப்பத்திலேயே அவரால் எழுதியிருக்க முடியுமா? விளைவு தெரியாமல் இருக்கலாம். எங்கே போவீர்கள், எதை வைத்து வேலை செய்வீர்கள், அங்கே போக ஏன் நீங்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். விளைவை ஊதிப் பெரிதாக்கி, “சமூகத்தில் மாபெரும் மாற்றம்” என்று வாக்குக் கொடுப்பவர்களைப் பார்த்தால் குழுவில் ஒருவராவது பெருமூச்சு விடுவார். பெரும்பாலும் அது நான்தான்.

வீடியோ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எழுத்தைவிட அதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. 22 நிமிட வீடியோவை முழுசாக அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறீர்கள், முதல் மூன்று நிமிடம் வெறும் தறி. அரங்கில் அந்த மூன்று நிமிடம் மூச்சைப் பிடிக்க வைக்கலாம். லேப்டாப்பில் பார்ப்பவர் இணையம் நின்றுவிட்டதோ என்று நினைப்பார். ஓசை துணியாகும் இடத்திலிருந்து நான்கு நிமிடத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். பாட்டு சேர்க்காதீர்கள், வேகமாக மாறும் எடிட்டிங் வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆகிவிடும். முழு வீடியோவை இரண்டாவது இணைப்பாகக் கொடுங்கள். எதுவரை பார்க்கலாம் என்ற நிமிடக் கணக்கை அருகில் குறித்துவிடுங்கள்.

பட்ஜெட்டுக்கு வருவோம். உங்கள் சம்பளத்தைப் போடுங்கள். போடாமல் விட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். நடனக் கலைஞருக்குப் பணம், ஒலிப்பதிவாளருக்குப் பணம், வேன்காரருக்குப் பணம், எட்டு மாதம் தறியில் உட்காரப்போகிறவருக்குச் சுழியம் என்றால், ஒன்று நீங்கள் சாப்பிடாமல் வேலை செய்வீர்கள், இல்லை கணக்கு போடத் தெரியாதவர். இரண்டும் குழுவுக்குக் கவலைதான். எத்தனை வாரம், வாரத்துக்கு எவ்வளவு என்று பெருக்கி எழுதுங்கள். எல்லாத் தொகையும் ஆயிரத்தில் முடிந்தால் யோசிக்காமல் போட்டது என்று தெரிந்துவிடும். அப்புறம், சில நிறுவனங்கள் விதிமுறையிலேயே கலைஞரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் ஃபெல்லோஷிப் பணத்துக்கும் வருமான வரி உண்டு. கைக்கு வருவது எவ்வளவு என்று ஒரு கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு பட்ஜெட் போடுவது நல்லது.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவர் எழுதும் ஒரு பக்கம், உங்களைச் சந்தித்தே இராத புகழ்பெற்றவர் எழுதும் மூன்று வரியைவிடக் கனமானது. கேட்கும்போது உங்கள் விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுங்கள், ஆறு வாரம் நேரம் கொடுங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் கிடைக்காமல் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து அரசு 2022இல் கலைஞர்களுக்கு அடிப்படை வருமானம் கொடுக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, தகுதியுள்ளவர்களிலிருந்து 2,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. வாரத்துக்கு 325 யூரோ. கலைக்குக் குலுக்கலா என்று பலருக்கு இடித்தது. எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு மேலே போய்விட்டால், இறுதிச் சுற்றில் இருக்கும் இருபது பேரில் ஐந்து பேரைப் பிரிப்பது அன்றைய குழு, அன்றைய மனநிலை, போன வருடம் யாருக்குக் கொடுத்தோம் என்ற நினைவு. நாங்கள் அதைக் குலுக்கல் என்று சொல்லாமல் விவாதம் என்று சொல்கிறோம்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயத்தில் நான் நின்றுவிட்டேன். “இறுதிச் சுற்று வரை வந்தது” என்று எழுதியதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மரியாதைக்கு எழுதும் வரி எங்களிடம் தனியாக இருக்கிறது: “இந்த ஆண்டு ஏராளமான சிறந்த விண்ணப்பங்கள் வந்தன.” அது எல்லோருக்கும் போகும். இறுதிச் சுற்று என்பதைச் சும்மா எழுதமாட்டார்கள். அந்த அலுவலகத்துக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், குழுவின் கருத்து ஏதாவது பகிர முடியுமா, அடுத்த அறிவிப்பு எப்போது என்று கேளுங்கள். பல இடங்களில் ஐந்து நிமிடம் போனிலாவது பேசுவார்கள். புதிதாக ஐந்தாவது இடத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, முதல் பத்தியையும் வீடியோவையும் மாற்றி அதே இடத்துக்கே மறுபடி அனுப்புங்கள்.