வாசிப்பு நகரேல்லையெண்டால் ரீச்சரோடை என்ன கதைக்கிறது?

எழுத்தெல்லாம் தெரிஞ்சும் தரம் 3 மகன் வாசிக்கத் தடுமாறுறார், ரீச்சரிட்டை என்னெண்டு கேக்கிறது எண்டு எழுதியிருந்தீங்கள். பள்ளிக்கூடம் விடேக்கை கேற்றடியிலை கதைக்காதேங்கோ. மகன்ரை கொப்பியிலை ரீச்சருக்கு எழுதி, சந்திச்சுக் கதைக்க 15 நிமிசம் தரச்சொல்லிக் கேளுங்கோ.

அதுக்கு முதல், இன்னும் படிப்பிக்காத பக்கம் ஒண்டை வாசிக்க விட்டு, பிழைக்கிற சொல்லுகளைப் பென்சிலாலை குறியுங்கோ. படிச்ச பக்கமெண்டால் பாடமாக்கினதை ஒப்புவிச்சுப்போடுவார். கெ–கே, கொ–கோ மாறுதா? 'ந்த', 'ட்ட' வாற இடத்திலை நிக்கிறாரா? முதலெழுத்தைப் பாத்து மிச்சத்தை ஊகிக்கிறாரா? மூண்டுக்கும் பயிற்சி வேற வேற.

அந்தத் தாளைக் காட்டி, வகுப்பிலையும் இப்பிடித்தானா எண்டு கேளுங்கோ. கரும்பலகையைப் பாத்தெழுதவும் கஷ்டப்பட்டால் முதலிலை கண்ணைக் காட்டுங்கோ. வீட்டிலை நாளுக்கு 10 நிமிசம் என்ன செய்யிறது, திரும்ப எப்ப சந்திக்கிறது (ஆறு கிழமை போதும்) எண்டதையும் அங்கையே முடிவெடுங்கோ. தரம் 5 புலமைப்பரிசில் சோதினைக் கதையை மட்டும் இப்ப எடுக்காதேங்கோ.