பெற்ற தாய்க்கு எதற்குச் சான்று? பாதுகாவலர், சொத்து, உரிமை: கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் எங்கள் பெற்றோர் சங்கத்துக்கு அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர். பாதுகாவலர் நியமனம், பாகப்பிரிவினை, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றில் இத்தகைய குடும்பங்களுக்காக வாதாடுவது என் பணி என்பதால், அவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி, ஒரு தாய்): என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு, 19 வயதாகிறது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவன் கணக்கில் வருகிறது. இதுவரை நானே கையெழுத்திட்டு எடுத்து வந்தேன். இப்போது வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். பெற்ற தாய்க்கு எதற்கு அம்மா சான்று?

பதில்: பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் என்ற முறையில் உங்களுக்கு இருந்த சட்ட அதிகாரம் முடிந்துவிடுகிறது. உங்கள் மகன் சட்டத்தின் பார்வையில் மற்ற எல்லோரையும் போல வயது வந்த ஒரு குடிமகன்; அவனுக்காக இன்னொருவர் கையெழுத்திட வேண்டுமானால் அந்த அதிகாரத்தைச் சட்டம்தான் கொடுக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் அந்த வழியைத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 வகுத்திருக்கிறது. இதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர் அளவிலான குழுவே சான்று வழங்கும். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்துக் குழு கூடும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் சட்டத்தின் 14ஆம் பிரிவை யாரையேனும் படித்துக்காட்டச் சொல்லுங்கள். இவருக்குப் பாதுகாவலர் தேவைதானா, தேவையென்றால் எந்தக் காரியங்களுக்கு என்ற இரண்டையும் குழு பரிசீலிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. "எல்லாவற்றுக்கும்" என்று எழுதிக் கொடுக்காமல், வங்கிக் கணக்கு, உதவித்தொகை, மருத்துவமனைச் சேர்க்கை என்று தேவையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நியமனமான 6 மாதங்களுக்குள் மகன் பெயரில் உள்ள சொத்துகளின் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் இதைச் செய்வதில்லை. நாளை உறவினர் ஒருவர் உங்கள் மீது புகார் கொடுத்தால் உங்களைக் காப்பது அந்தக் கணக்குத்தான். இந்தக் குழு வழங்கும் சான்றை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இருக்கிறது. கிளையில் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வங்கிக்குப் போகும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். அது அவன் பணம் என்பது அவனுக்கும் தெரிய வேண்டும்.

கேள்வி (தேனி, ஒரு தந்தை): என் மகனுக்கு மூளை முடக்குவாதம். பி.காம் முடித்திருக்கிறான், கை நடுங்குவதால் கையெழுத்து ஒரே மாதிரி வராது. எங்கள் வங்கியிலும் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மகனுக்குத் தேவை பெருவிரல் ரேகையை ஏற்கும் வங்கி அலுவலர் மட்டுமே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 13ஆம் பிரிவு, வங்கிக் கடன் உட்படத் தம் பண விவகாரங்களைத் தாமே கையாளும் உரிமையை அவருக்கு உறுதி செய்கிறது. அதைக் குறிப்பிட்டு அவர் பெயரிலேயே மனு எழுதச் செய்யுங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

கேள்வி (கரூர்): மகளுக்கு 4 வயது. சான்றிதழில் எத்தனை சதவீதம் போடுவார்கள்?

பதில்: ஐந்து வயது வரை வளர்ச்சித் தாமதம் என்றே குறிப்பார்கள், அதன் பிறகே அறிவுசார் குறைபாடு என்ற சான்று. 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் லேசான நிலைக்கு 50, மிதமான நிலைக்கு 75, கடுமையான நிலைக்கு 90, மிகக் கடுமையான நிலைக்கு 100 சதவீதம் என்று இருந்தது; 2024இல் அதற்குப் பதிலாகப் புதிய வழிகாட்டுதல் வந்திருப்பதால், இப்போதைய அளவைச் சான்று தரும் மருத்துவமனையில் கேளுங்கள். வயது கூடும்போது மறுமதிப்பீடு உண்டு. 18 வயதில் தரும் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும்.

கேள்வி (சேலம், ஒரு தங்கை): என் அக்காவுக்கு மிதமான அறிவுசார் குறைபாடு. அப்பா இறந்த மறு ஆண்டு, எங்கள் அண்ணன் அக்காவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் அவள் ரேகையை வாங்கியிருக்கிறார். எனக்கு இப்போதுதான் தெரிந்தது. "அவளுக்கு எதற்குச் சொத்து? நான் சோறு போடுகிறேனே" என்கிறார்.

பதில்: இதுபோன்ற கேள்விகளே எனக்கு மிக அதிகமாக வருகின்றன. நோயோ குறைபாடோ எதுவும் ஒருவரின் வாரிசுரிமையைப் பறிக்காது என்று இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் 28ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் அக்காவின் பங்கு அண்ணனின் பங்குக்கு ஒரு காசும் குறைந்ததன்று. எழுதிக் கொடுப்பது என்னவென்று விளங்கிக்கொண்டு, அதனால் தமக்கு வரும் நன்மை தீமையைச் சீர்தூக்க இயலாத ஒருவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 11, 12ஆம் பிரிவுகளின் சாரம். அப்படிப்பட்டவர் என்று தோன்றினால் சார்பதிவாளர் பதிவை மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவும் சொல்கிறது.

பத்திரத்தின் சான்றிட்ட நகலை இந்த வாரமே எடுங்கள். வில்லங்கச் சான்று போட்டு, அண்ணன் சொத்தை மேற்கொண்டு யாருக்கேனும் மாற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். ஓர் உரிமையியல் வழக்கறிஞர் மூலம், அக்காவின் சார்பில் உற்ற நண்பராக, அதாவது தாமே வழக்காட இயலாதவருக்காக வழக்கை நடத்துபவராக, நீங்களே வழக்குத் தொடுக்கலாம். காலவரம்பு ஓடிக்கொண்டிருப்பதால் தாமதிக்க வேண்டாம். அக்கா எழுத்தறியாதவராக இருக்கலாம்; யாரோடு இருக்க விரும்புகிறார் என்று அவரால் சொல்ல முடியும். அதைத் தனியாக, அண்ணன் அருகில் இல்லாதபோது கேளுங்கள்.

பெற்றோருக்கும் இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி பதிலில் மீண்டும் மீண்டும் சொல்லுவேன். "மூத்தவன் பார்த்துக்கொள்வான்" என்ற நம்பிக்கையில் சொத்து முழுவதையும் மூத்தவன் பெயருக்கு எழுதாதீர்கள். அவன் நல்லவனாகவே இருக்கலாம். அவனுக்கும் கடன் வரலாம், அவனும் உங்களுக்கு முன் இறக்கலாம். இந்திய அறக்கட்டளைகள் சட்டம், 1882இன் கீழ், குறைபாடுள்ள பிள்ளையைப் பயனாளியாக வைத்துத் தனியார் அறக்கட்டளை ஒன்றை உயிலோடு இணைத்து அமைக்கலாம். பணத்தை நிர்வகிப்பவரும் பிள்ளையைப் பராமரிப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும்.

கேள்வி (ஈரோடு): நான் பெற்றெடுத்தவள். எனக்கும் பாதுகாவலர் சான்று வேண்டுமா?

பதில்: வேண்டும். திருச்சித் தாய்க்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஊர் வேண்டாம் என்கிறார், ஒரு தாய்): மகளுக்கு 14 வயது, கடுமையான அறிவுசார் குறைபாடு. மாதவிடாய் நாட்களில் அவளும் நானும் படும் பாட்டைச் சொல்ல முடியாது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நாளை யாராவது ஏதாவது செய்துவிட்டால் என்ற பயமும் இருக்கிறது.

பதில்: உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனாலும் இதற்கு என் பதில் கூடாது என்பதே. 1994இல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் என்ற ஊரில் அரசு விடுதியில் இருந்த பெண்களைப் புணே மருத்துவமனைக்குக் கொண்டு சென்று இதே காரணத்தைச் சொல்லிக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். நாடு முழுவதும் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. இன்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, தாமே விளங்கிக்கொண்டு தரும் இசைவு இல்லாமல் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையையும் ஒருவர் மீது செய்யக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2009இல் சண்டிகர் வழக்கொன்றில், லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண் தம் கருவைச் சுமக்க விரும்பியபோது அவர் விருப்பத்தை மீறிக் கருவைக் கலைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

அறுவை சிகிச்சை வன்முறையைத் தடுக்காது. கருத்தரிப்பு என்ற தடயத்தை மட்டுமே அழிக்கும். அந்தத் தடயம் இல்லையென்று தெரிந்தவனுக்குத் துணிச்சல் கூடும். உடலின் எந்த இடத்தை யார் தொடலாம், வேண்டாம் என்பதை எப்படிக் காட்டுவது என்று பொம்மையை வைத்துத் தினமும் பழக்குங்கள். நாப்கின் மாற்றுவதை, ஒரு நேரத்தில் ஒரு படி என்று, சிவப்பு மை தடவிய நாப்கினைக் கொண்டு மாதவிடாய் இல்லாத நாட்களில் கற்பிக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் சிறப்பு ஆசிரியர்களைப் பாருங்கள். வலியும் உதிரப்போக்கும் அதிகமென்றால் மகப்பேறு மருத்துவரிடம் அதற்கான மருந்தைக் கேளுங்கள். அது எல்லாப் பெண்களுக்கும் உள்ள சிகிச்சை.

கேள்வி (சென்னை, உரிமைச் செயற்பாட்டாளர்): நீங்கள் பெற்றோர் எல்லோரையும் பாதுகாவலர் சான்றை நோக்கித் தள்ளுகிறீர்கள். இந்தியா 2007இல் ஏற்ற, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் சம சட்டத் தகுதியை வழங்குகிறது. ஒருவருக்குப் பதிலாக மற்றவர் முடிவெடுக்கும் முறையே ஒழிய வேண்டும் என்று அதன் குழு 2014இல் விளக்கம் தந்திருக்கிறது. நீங்கள் ஏன் 1999க்குத் திரும்புகிறீர்கள்?

இடையில் திருச்சித் தாய்: ஐயா, வங்கிக் கவுன்டரில் இருப்பவருக்கு 12ஆம் பிரிவு தெரியாது. என் மகனுக்கு நூறு ரூபாய்க்கும் ஐந்நூறுக்கும் வேறுபாடு தெரியாது. நாளை அவனுக்கு அவசர அறுவை சிகிச்சை என்றால் யார் கையெழுத்திடுவது?

மீண்டும் செயற்பாட்டாளர்: அம்மா, உங்களைக் குறை சொல்லவில்லை. சான்று கையில் வந்த பிறகு பிள்ளையிடம் கேட்பதை நிறுத்திவிட்ட எத்தனையோ வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பதில்: இந்த விவாதம் நடக்க வேண்டியதுதான், மற்றவர்கள் சிறிது பொறுத்துக்கொள்ளுங்கள். செயற்பாட்டாளர் சொல்லும் சட்டநிலை சரி. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு "வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்" என்ற முறையைக் கொண்டுவந்தது. இருவரும் கலந்து எடுக்கும் முடிவு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும், மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை ஒட்டி என்று அது வரையறுக்கிறது. ஆனால் 1999ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. திருச்சித் தாயின் மகனுக்கு உதவித்தொகை இந்த மாதம் தேவை. சான்றே வாங்காதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் போய்விட முடியாது.

எனவே என் கட்சிக்காரர்களிடம் நான் வற்புறுத்துவது இதுதான்: 1999இன் கீழ் விண்ணப்பியுங்கள், 2016இன்படி நடந்துகொள்ளுங்கள். பேச்சு வராதவரும் தட்டை நகர்த்தித் தள்ளுகிறார், ஒருவர் வந்தால் முகம் மலர்கிறார், இன்னொருவர் வந்தால் அறையை விட்டுப் போகிறார். இவை அனைத்தும் விருப்பத்தின் வெளிப்பாடு. குழுவின் முன் வரும்போது ஆட்சியர் தாயிடமே பேசுகிறார். மகனிடம் பேசுங்கள் என்று நான் எழுந்து கேட்பதுண்டு, கேட்டபோது மறுத்த ஆட்சியர் எவரும் இல்லை.

செயற்பாட்டாளர் விட்ட ஒன்றையும் சேர்க்கிறேன். வாக்குரிமை. தகுதிவாய்ந்த நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று அறிவித்தால் மட்டுமே வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க முடியும். பாதுகாவலர் சான்று அத்தகைய அறிவிப்பு அன்று. 18 நிறைந்த உங்கள் பிள்ளையின் பெயரைப் பட்டியலில் சேருங்கள்; சின்னங்களைக் காட்டிப் பழக்குங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): என் கணவர் மத்திய அரசு ஓய்வூதியர். எங்களுக்குப் பின் மகளுக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: சம்பாதித்து வாழ இயலாத குறைபாடுள்ள மகனோ மகளோ, 25 வயது என்ற வரம்பின்றி, வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். 2021இல் வருமான வரம்பையும் தளர்த்தினார்கள். கணவர் இருக்கும்போதே மகளின் பெயரையும் குறைபாட்டுச் சான்றையும் ஓய்வூதியப் பதிவில் ஏற்றிவிடுங்கள். பெற்றோர் இருவரும் போன பிறகு உறவினர்கள் இதற்கு அலைவதைப் பார்க்கிறேன். மூத்தவன் பார்த்துக்கொள்வான் என்று விடப்பட்ட வேலைகளில் இதுவும் ஒன்று.

கேள்வி (வேலூர்): ஸ்டெம்செல் ஊசி போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்று பல லட்சம் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?

பதில்: விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022இல் கூறிவிட்டது.

கேள்வி (மதுரை): தம்பிக்கு மனச்சிதைவு நோய். அவனுக்கும் இந்தக் குழுவிடம் போகலாமா?

பதில்: முடியாது. அது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் கீழ் வரும். அறிவுசார் குறைபாடு அந்தச் சட்டத்தில் இல்லை. மனநல மருத்துவரையும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் அணுகுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): மகனுக்கு 26 வயது. ஏழைப் பெண் ஒருத்தியைக் கட்டிவைத்தால் பின்னாளில் பார்த்துக்கொள்வாள் என்கிறார்கள்.

பதில்: உங்கள் மகனுக்குப் பராமரிப்பாளர் தேவையென்றால் சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். மகன் விரும்பி, பெண்ணுக்கு எல்லாம் தெரிந்து, அவளும் விரும்பினால் அது வேறு, அதை ஆதரிப்பேன். மறைத்துச் செய்யும் திருமணத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும். அதற்கு முன்பே இரண்டு பேரின் வாழ்வு கெட்டிருக்கும்.

கேள்வி (திண்டுக்கல்): பெற்றோருக்கும் பாதுகாவலர் சான்று கட்டாயமா?

பதில்: இதே கேள்வி மூன்றாம் முறை வருகிறது. முதல் பதிலை முழுவதும் படித்துவிட்டு, அதில் இல்லாததை மட்டும் கேளுங்கள்.

கேள்வி (கோவை, ஓர் அக்கா, 29 வயது): தம்பிக்கு ஆட்டிசம், பேச்சு இல்லை. பெற்றோருக்குப் பின் நான்தான். பாதுகாவலராக நான் இருக்கத் தயார். வேறு என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: பெற்றோரோடு உங்களையும் பாதுகாவலராகச் சேர்க்க முடியுமா என்று குழுவிடம் இப்போதே கேளுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் தம்பியைச் சேருங்கள்; ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவும், தெரபியும் அதில் அடங்கும். பிறகு அம்மாவிடம் உட்கார்ந்து தம்பியைப் பற்றி எழுதி வாங்குங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு. வலிப்பு வந்தால் என்ன செய்வது. எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான். பசியை எப்படிக் காட்டுவான், வயிற்றுவலியை எப்படிக் காட்டுவான். யாரைக் கண்டால் பயப்படுவான். இவை எந்தச் சான்றிதழிலும் இல்லாதவை. அம்மாவுக்கு மட்டுமே தெரிந்தவை. எழுதியதைத் தம்பியின் முன்னால் படங்களோடு வைத்து, அவனுக்குச் சரிதானா என்று பார்த்துத் திருத்துங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்து, ஒரு நகலை உங்கள் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.