விரும்பித்தானே வர்றாங்கன்னா சம்பளம் கிடையாதா?

கேள்வி: கமர்ஷியல் நாடகங்கள்ல சம்பளம் இல்லாம ஆளுங்களை நடிக்க வைக்கறது உழைப்புத் திருட்டுன்னு போன இதழ்ல எழுதியிருந்தீங்க. நான் ஒரு நாடகக் கம்பெனியில ப்ரொடக்ஷன் பார்க்கறேன். எங்க மியூசிக்கல்ல மெயின் கேரக்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் சம்பளம் உண்டு. கோரஸுக்கும் கூட்டக் காட்சிக்கும் மட்டும் இருபது பேர் ஆர்வலர்களா வர்றாங்க. யாரையும் கட்டாயப்படுத்தல. ரிகர்சலுக்கு லேட்டா வந்தாலோ ரெண்டு நாள் வராட்டியோ எடுத்துடுவோம்னு முன்னாடியே சொல்லி, சம்பளம் கேக்க மாட்டேன்னு கையெழுத்தும் வாங்கிட்டுத்தான் சேர்க்கறோம். அவங்களுக்கு மேடை அனுபவம், சர்டிபிகேட், நாலு பேர் கண்ணுல படற சான்ஸ். இதுல யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாருக்கும் சம்பளம்னா நாடகமே போட முடியாது.
(பெயர் வெளியிட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

பதில்: லேட்டா வந்தா எடுத்துடுவோம்னு எழுதி வாங்கறீங்க பாருங்க, அந்த இடத்துலயே அவங்க ஆர்வலர் இல்லைன்னு ஆயிடுச்சு. ஆர்வத்துல வர்றவருக்கு இன்னைக்கு முடியலைங்க, வரலைன்னு சொல்ல உரிமை இருக்கணும். இங்க எத்தனை மணிக்கு வரணும், எங்க நிக்கணும், எந்த அடியில திரும்பணும், எப்ப வீட்டுக்குப் போகலாம் எல்லாமே நீங்கதான் முடிவு பண்றீங்க, அதை மீறினா வெளிய போகணும். வேலை பார்க்கறவங்களுக்கு இருக்கற அத்தனை கட்டுப்பாடும் இருக்கு, மாசக் கடைசியில வர வேண்டியது மட்டும் வரல.

கோரஸ் என்ன செய்யுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா படிக்கறவங்களுக்காக சொல்றேன். ரெண்டு சீனுக்கு நடுவுல கொஞ்ச நேரம் மேடை இருட்டாகும். அந்த இருட்டுல கோரஸ்ல நாலு பேர் பெஞ்சைத் தூக்கிட்டு ஒரு பக்கமா வெளிய போவாங்க, இன்னும் ஆறு பேர் விங்ஸ்ல, அதாவது மேடையோட பக்கவாட்டு மறைவுல, நின்னபடியே மேல் டிரஸ்ஸைக் கழட்டி வேற மாட்டிக்கிட்டு எதிர்ப்பக்கமா உள்ள வந்து, தரையில ஒட்டியிருக்கற சின்ன டேப் துண்டு மேல கரெக்டா நிக்கணும், லைட் வந்த உடனே மூச்சு வாங்கறது வெளிய தெரியாம பாட்டோட முதல் வரியைச் சுருதியில பிடிக்கணும். ஒருத்தர் ஒரு அடி தள்ளி நின்னா பெஞ்சு இன்னொருத்தர் காலை உடைச்சிடும். இதைப் பழகத்தான் வாரக்கணக்குல ரிகர்சல், அதுலயும் மத்தியானம் ரெண்டு மணிக்கு வரச் சொல்லிட்டு ராத்திரி ஏழு மணிக்கு மேடையில ஏத்துவாங்க, நடுவுல இருக்கற அஞ்சு மணி நேரம் ஓரமா உக்காந்திருக்கணும், வேற வேலைக்கும் போக முடியாது. டிக்கெட் வாங்கினவர் பார்க்க வர்றது இப்படி நிறைஞ்சு நிக்கற மேடையைத்தான். அந்த இருபது பேரை எடுத்துட்டு அதே விலைக்கு டிக்கெட் விக்க முடியுமான்னு நீங்களே யோசிங்க.

அடுத்தது, கையெழுத்து. அதை வச்சு நீங்க பாதுகாப்பா இருக்கறதா நினைக்கறீங்கன்னு தெரியுது. பிரிட்டன்ல 1998ல வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இந்த விஷயத்துல ரொம்பத் தெளிவா இருக்கு. ஊதியம் இல்லாத தன்னார்வத் தொழிலாளர்ங்கற விலக்கு அறக்கட்டளை, தொண்டு அமைப்பு மாதிரி இடங்களுக்கு மட்டும்தான், லாபத்துக்கு நடக்கற கம்பெனிக்கு அந்த விலக்கு கிடையாது. ஒருத்தர் சட்டப்படி தொழிலாளர்னு ஆயிட்டா, எனக்குக் குறைந்தபட்ச ஊதியம் வேண்டாம்னு அவரே எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதம் செல்லாது. அமெரிக்காவுல 1985ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. ஒரு மத அறக்கட்டளை பல வியாபாரங்களை நடத்துச்சு, அதுல வேலை பார்த்தவங்களுக்கு சாப்பாடு, துணி, இடம்தான் கொடுத்தாங்க, சம்பளம் இல்ல. அந்த வேலையாட்களே கோர்ட்ல வந்து நாங்க தன்னார்வலர்கள்தான், எங்களுக்கு சம்பளம் வேண்டாம்னு சாட்சி சொன்னாங்க. அப்படியும் கோர்ட் சம்பளச் சட்டம் பொருந்தும்னுதான் சொல்லிச்சு. வேண்டாம்னு சொல்றவங்களுக்கு ஒரு வழி திறந்து விட்டா, கை ஓங்கியிருக்கற முதலாளி எல்லாரையும் வேண்டாம்னு சொல்ல வைச்சிடுவார்ங்கறதுதான் காரணம். உங்க ஃபார்மும் அதைத்தான் செய்யுது. கையெழுத்து போட்டாத்தான் மேடைன்னு வச்சிட்டு, அவங்களே விரும்பிப் போட்டாங்கன்னு சொல்றது நியாயமா?

நாடகமே போட முடியாதுன்னு சொல்றீங்களே, இது ரொம்பப் பழைய பயம். 1913ல நியூயார்க்ல ஆக்டர்ஸ் எக்விட்டிங்கற நாடக நடிகர்களோட தொழிற்சங்கம் ஆரம்பிச்சப்ப ரிகர்சலுக்கு சல்லிக்காசு கிடையாது, எத்தனை வாரம்னு கணக்கும் கிடையாது, நாடகம் மேடையேறினாத்தான் சம்பளம், டூர் போன ஊர்ல நாடகம் படுத்துடுச்சுன்னா திரும்பி வர்ற செலவு கூட நடிகர் தலையிலதான் விழும். 1919 ஆகஸ்ட்ல ஸ்ட்ரைக் பண்ணாங்க, நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகள் இருக்கற பிராட்வேல ஒரு மாசம் ஷோ ஷோவா நின்னு போச்சு. அந்த ஸ்ட்ரைக் நடுவுலதான் கோரஸ் கலைஞர்களுக்குன்னு தனி சங்கமே உருவாச்சு, அதுக்குத் தலைவரா வந்தது மேரி டிரெஸ்லர், அப்பவே பெரிய ஸ்டார், ஆனா கோரஸ்ல இருந்து மேல வந்தவங்க, அந்தப் பொண்ணுங்க படற பாடு என்னன்னு அவங்களுக்குத் தெரியும். அப்புறமும் ரிகர்சலுக்குன்னு காசு வர 1930கள் வரைக்கும் ஆச்சு. ஒவ்வொரு படியும் போராடித்தான் வாங்கினாங்க. பிராட்வே இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒரு சம்பவம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். லாஸ் ஏஞ்சல்ஸ்ல 99 சீட்டுக்கு மேல போகாத குட்டி தியேட்டர்கள்ல, யூனியன் நடிகர்கள் ரொம்ப வருஷமா ஷோவுக்குக் கொஞ்சூண்டு தொகை மட்டும் வாங்கிட்டு நடிச்சாங்க. அதை மாத்தி குறைந்தபட்ச ஊதியம் கொண்டு வரலாம்னு எக்விட்டி 2015ல அந்த ஊர் உறுப்பினர்கள்கிட்ட கருத்து ஓட்டெடுப்பு நடத்தினப்ப பெரும்பான்மை நடிகர்களே வேண்டாம்னுட்டாங்க. அந்தத் தியேட்டர்கள் மூடிடும்ங்கற பயம். சங்கம் அதையும் மீறித்தான் கொண்டு வந்துச்சு. சரியா தப்பான்னு நான் பல நாள் யோசிச்சிருக்கேன், அந்த நடிகர்களோட தவிப்பு எனக்குப் புரியுது. ஆனா உங்க கேஸ் அது இல்லைங்க. அங்க பேச்சே யார் கையிலயும் பெருசா காசு தங்காத இடங்களைப் பத்தி. நீங்க ஹால் வாடகை, லைட், சவுண்ட், போஸ்டர், மெயின் ஆர்ட்டிஸ்ட்னு எல்லாத்துக்கும் காசு எடுத்து வச்சிட்டு, ஏமாந்தவங்கன்னு பார்த்து இருபது பேர் கிட்ட மட்டும் கலைச்சேவை பத்திப் பேசறீங்க. ஹால்காரர்கிட்ட போய் உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்னு சொல்லிப் பாருங்களேன், சாவியைக் கொடுப்பாரா?

அமெச்சூர் குழுக்களை நான் சொல்லல. ஆபீஸ் முடிஞ்சு வந்து, கைக்காசைப் போட்டு, டைரக்டர்ல இருந்து திரை இழுக்கறவர் வரைக்கும் யாரும் ஒரு பைசா எடுத்துக்காம நாடகம் போடறவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை இருக்கு. லாபத்துல பங்குன்னு சேர்ந்து நடத்தறவங்களும் உண்டு, கணக்கு எல்லார் முன்னாடியும் திறந்து கிடந்தா, பங்கும் நேர்மையா இருந்தா அது வேற விஷயம். செலவெல்லாம் போக மிச்சத்துல பங்குன்னு சொல்லிட்டு, செலவு என்னன்னு கடைசி வரைக்கும் காட்டாம இருக்கறது மட்டும் பங்கு கணக்குல வராது.

யாருக்கு நஷ்டம்னு கேட்டீங்க. முதல்ல அந்த இருபது பேருக்கு. அடுத்து, உங்க ரிகர்சலுக்கு வர முடியாமலே போனவங்களுக்கு. நல்லாப் பாடுவாங்க, நல்லா ஆடுவாங்க, ஆனா வாரக்கணக்குல சம்பளம் இல்லாம இருக்க வீட்டுல வசதி இல்ல, அதனால செலக்ஷனுக்கே வந்திருக்க மாட்டாங்க, அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியப் போறதும் இல்ல. மூணாவது, கோரஸையே தொழிலா வச்சு குடும்பம் நடத்தறவங்களுக்கு. சும்மா வர இருபது பேர் இருக்கும்போது நீ ஏன் காசு கேக்கறன்னு அவங்க முகத்துக்கு நேரா சொல்றாங்க, எனக்கு வர்ற லெட்டர்கள்ல பாதி அதைப் பத்தித்தான்.

இந்த நாடகத்துக்கு பட்ஜெட் முடிஞ்சு போச்சுன்னு அடுத்து எழுதுவீங்கன்னு நினைக்கறேன், அதனால இப்பவே சொல்லிடறேன். ரிகர்சலுக்கு வந்துபோற செலவையும் சாப்பாட்டையும் இந்த வாரத்துலேருந்தே கொடுங்க, அது சம்பளக் கணக்குல சேராது. முடிஞ்ச ரிகர்சல் நாட்களுக்கும், இனி போடற ஒவ்வொரு ஷோவுக்கும் என்ன தொகை, எந்தத் தேதியில கையில வரும்னு இருபது பேருக்கும் தனித்தனியா எழுதிக் கொடுங்க. கூட்டக் காட்சிக்கு இருபது பேருக்குக் கட்டுபடியாகலைன்னா பன்னிரண்டு பேரை வச்சு டைரக்டரை சீனை மாத்தி அமைக்கச் சொல்லுங்க, நல்ல டைரக்டரால அது முடியும். ஷோவை வீடியோ எடுத்து விளம்பரத்துக்குப் போடறீங்கன்னா அதுக்கு அவங்க சம்மதத்தைத் தனியா கேளுங்க. வாங்கி வச்சிருக்கற அந்த ஃபார்மை அவங்கவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க.