அடிக்காமல், மிரட்டாமல் போலீஸால் உண்மையை வரவழைக்க முடியுமா? உளவியலுக்கு அங்கே என்ன வேலை?

உளவியல் படித்தவன் என்பதால் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதில் எனக்கு முதல் பாடம் கிடைத்தது ஸ்டேஷன் பெஞ்சில்.

எங்கள் தெருமுனையில் ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு இரண்டு பேர் பைக்கில் பறந்தார்கள். எதிர் டீக்கடையில் நின்றிருந்த நான் சாட்சி. "சார், டீ வாங்கிட்டுத் திரும்புறேன்..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, செவப்பு பல்சர்தானே?" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். கேட்ட மாத்திரத்தில் என் கண்ணுக்குள் அது சிவப்பாகிவிட்டது. ஆமாம் என்றேன். அவர் மிரட்டவே இல்லை, டீகூட வாங்கிக்கொடுத்தார்.

பிற்பாடுதான் அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிஷர், கைசல்மன் குழு 1987-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். ஃபிளோரிடா போலீஸார் சாட்சிகளிடம் பேசிய ஒலிநாடாக்களைக் கேட்டிருக்கிறார்கள். சாட்சி சொல்லத் தொடங்கி சராசரியாக ஏழரை விநாடியில் அதிகாரி குறுக்கே விழுகிறார்! அவர்கள் சொன்ன மாற்றுவழி எளிது. சாட்சியை மனதால் அந்த இடத்துக்கே திரும்பப் போகச் சொல்வது. எங்கே நின்றாய், என்ன சத்தம், என்ன வாசம். அற்பமாகப் பட்டாலும் சொல்லச் சொல்வது. பிறகு நடந்ததைக் கடைசியிலிருந்து தொடக்கம்வரை தலைகீழாக ஒரு தடவை சொல்லச் சொல்வது. அதுவரை அதிகாரி வாயைத் திறக்கக் கூடாது. கஷ்டமே அதுதான்.

சந்தேக நபரிடம் இதே அவசரம் வந்தால் ஆளையே காவு வாங்கும். பிரிட்டனின் கார்டிஃபில் 1988-ல் ஒரு பெண் கொலையானாள். பிடிபட்டவர்களில் ஒருவரை 5 நாட்களில் சுமார் 13 மணி நேரம் குடைந்தார்கள். 300 தடவைக்கு மேல் "நான் இல்லை" என்றவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். அடி விழவில்லை. டேப் ஓடியது, பெரும்பாலான நேரம் வக்கீலும் பக்கத்திலேயே இருந்தார். மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. 1992-ல் மேல்முறையீட்டு நீதிபதிகள் அந்த டேப்பைக் கேட்டு அதிர்ந்துபோய் தீர்ப்பை ரத்து செய்தார்கள். உண்மையான கொலையாளி டி.என்.ஏ. மூலம் சிக்கி, 2003-ல் தண்டனை பெற்றான்.

இதுபோன்ற வழக்குகள் வரிசையாக நாறியபின்தான் அங்கே 'பீஸ்' (PEACE, அதன் படிகளின் ஆங்கில முதலெழுத்துகள்) என்ற விசாரணை முறை வந்தது. முதலில் தயாரிப்பு, பிறகு எதற்காகப் பேசுகிறோம் என்ற விளக்கம், அதன்பின் அவர் சொல்வதை முழுக்கக் கேட்பது. முரண்பாடுகளைக் கையிலுள்ள ஆதாரத்தோடு வைத்துக் கேட்பது அதற்கு அப்புறம்தான். நோக்கம் தகவல் திரட்டுவது. ஒப்புதல் வாங்குவது அல்ல.

"முழிக்கிற முழியிலேயே தெரிஞ்சிடும் சார்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2006-ல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பொய்யா மெய்யா என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது சுமார் 54 சதவீதம். காசு சுண்டினாலே 50 வருமே. அனுபவசாலிகளும் பெரிதாக மிஞ்சவில்லை.

மனதால் அந்த இடத்துக்கே திரும்பப் போகும் ஃபிஷர் குழுவின் முறையை ஒரு நாள் என்மேலேயே போட்டுப் பார்த்தேன். பாய்லர் சத்தம் வந்தது, ஏலக்காய் வாசம் வந்தது, பின்னால் உட்கார்ந்திருந்தவனின் வெறுங்கால் வந்தது. அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பைக் மட்டும் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.